சாரல் காலத்தில் டிராக்டர் ஏன் கொதிக்கிறது?



போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போயிருந்தேன். குளிக்க அல்ல. அங்கே தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா இருக்கிறதல்லவா, அதில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரைப் பார்க்க. சீசன் கூட்டம். வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு லோடு வண்டி முன்பக்கம் புகைந்துகொண்டு நின்றது. பின்னால் பெண்களும் பிள்ளைகளுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு பையன் வாளியில் தண்ணீரோடு ஓடி வருகிறான். இன்னொரு இளைஞர் ஈரத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போகிறார்.

"தம்பி, கையை எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தம்பிக்குக் கோபம்தான். "வண்டி எரிஞ்சிரும் சார்" என்றார். எரியாது, 40 நிமிடம் சும்மா இருங்கள் என்று சொல்லி, பிள்ளைகளைக் குளிக்க அனுப்பினோம். அவர்கள் தலை துவட்டி வருவதற்குள் மூடி தொடுகிற சூட்டுக்கு வந்துவிட்டது.

நான் அப்படிச் சத்தம் போட்டதற்குக் காரணம் என் இடது கையில் இருக்கிறது. கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கூட்டத்துக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில், டிரைவர் தடுக்கத் தடுக்க ஜீப்பின் மூடியை நானே திறந்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்தது. பட்டம் வாங்கிய படிப்பு அன்றைக்கு ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீருக்குக்கூட உதவவில்லை. யாரோ பற்பசையைத் தடவினார்கள், அதைக் கழுவி எடுக்கும்போதுதான் பாதித் தோல் போனது.

எனவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டருக்குள் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடியின் அழுத்தம் 0.9 பார் என்றால், உள்ளே அது 120 டிகிரியை நெருங்கும் வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். அத்தனை தண்ணீரும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்துக்கு வரும். துண்டு சுற்றினால் கை தப்பலாம், கண் தப்பாது. தப்பித் தவறிச் சுட்டுவிட்டால் குழாயடியில் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம். சுத்தமான பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முகத்தில் பட்டிருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வாளித் தண்ணீர் விஷயமும் அதேதான். கொதிக்கிற இன்ஜின் மேல் அருவித் தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடும். அடுப்பில் காய்ந்த மண்சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வண்டிச் சூடு பற்றித்தான். கார் நடவுக்குச் சேற்றுழவு நடக்கிற நேரம். ஐந்தருவியில் மனிதர்கள் குளிரில் நடுங்குகிறார்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி வயலில் டிராக்டர் கொதிக்கிறது.

பண்பொழி – வடகரைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியது:

*"ஐயா, என் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். நகையை அடகு வைத்து இரண்டாம் கை டிராக்டர் ஒன்று வாங்கி, டிரைவர் போட்டு வாடகைக்கு ஓட்டுகிறேன். இந்தக் கார் பருவத்தில் தொழி அடிக்கும்போது அரை மணி நேரத்துக்கு ஒருமுறை முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதால் வயல்காரர்கள் வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ஒரு மெக்கானிக் இன்ஜினை இறக்க வேண்டும், 40,000 ரூபாய் ஆகும் என்கிறார். இன்னொருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் சரியாகிவிடும் என்கிறார். மிச்சம் இருக்கிற தாலிக்கொடியையும் வைத்து இன்ஜின் வேலை பார்க்கலாமா?"*

இந்தக் கடிதத்துக்குப் பத்திரிகையில் பதில் போட்டு, அது அவர் கைக்குப் போகும்போது நடவே முடிந்துவிடும். தாலிக்கொடியும் போயிருக்கும். எனவே போனில் பேசிவிட்டு, வேளாண்மைப் பொறியியல் துறையில் உதவிப் பொறியாளராக இருக்கும் என் நண்பரை அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் போனேன். நான் பயிர் படித்தவன். இயந்திரத்தில் எனக்குத் தெரிந்த முக்கால்வாசி அவரைப் போன்றவர்களோடு சுற்றித் தெரிந்துகொண்டதுதான்.

பொறியாளர் முதலில் சொன்னது: "ஸ்டார்ட் பண்ணாதீங்க." பலரும் வண்டியைச் சூடேற்றிவிட்டுத்தான் பழுது தேடுகிறார்கள். இரவெல்லாம் ஆறிக் கிடக்கும் வண்டியில்தான் பாதிப் பழுது கண்ணுக்குத் தெரியும்.

மூடியைத் திறந்தோம். தண்ணீர் ஒரு லிட்டருக்கு மேல் குறைவு. மூடியின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. ரேடியேட்டர் வாயைச் சுற்றி உள்பக்கம் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. அதை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கடந்து போனேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து பானெட்டைத் தூக்கி முன்பக்க வலையைக் கழற்றினார். வைக்கோல் தூசி, புல் விதை, அதன்மேல் தெறித்த சேறு. எல்லாம் சேர்ந்து சாணி மெழுகிய சுவர்போல இருந்தது. வலைக்குப் பின்னால் ரேடியேட்டரின் இதழ்களுக்குள்ளும் அதே பூச்சு. டிரைவர் தம்பி, "தினமும் வண்டியைக் கழுவுறேனே சார்" என்றார். கழுவியிருக்கிறார், பொய்யில்லை. மட்கார்டும் பானெட்டும் கண்ணாடிபோல இருந்தன.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, நீங்களும் இன்றைக்கே செய்யலாம். இருட்டிய பிறகு, இன்ஜின் நின்றிருக்கும்போது, விசிறிப் பக்கத்திலிருந்து ஒரு டார்ச்சை அடித்து முன்னால் நின்று பாருங்கள். ரேடியேட்டர் முழுவதும் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வர வேண்டும். அந்த வண்டியில் நாங்கள் சாக்கைப் போட்டு மறைத்துப் பார்த்தபோது மேலே நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் வெளிச்சம் வந்தது. கீழே முழு இருட்டு. காற்று போகாத ரேடியேட்டர் வெறும் தண்ணீர்த் தொட்டி.

கழுவுவதற்கும் திசை இருக்கிறது. காற்று முன்னாலிருந்து பின்னால் போகிறது, குப்பையும் அதே வழியாகத்தான் உள்ளே போய் அடைகிறது. முன்னால் நின்று பைப் அடித்தால் அதை இன்னும் உள்ளே தள்ளுவோம். விசிறிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி அடிக்க வேண்டும். அதுவும் சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் பம்ப்பை நெருக்கிப் பிடித்து அல்ல. இதழ்கள் தாள்போல மெல்லியவை, மடங்கி வழியை அடைத்துவிடும். சேறு ஊறட்டும் என்று நனைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துச் சாதாரண ஹோஸ் பைப்பால் அடியுங்கள். எங்களுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. வந்த சேற்றை ஒரு சட்டியில் அள்ளலாம்.

விசிறி பெல்ட் பளபளவென்று இருந்தது. பளபளப்பு நல்லது என்று நினைக்காதீர்கள், அது வழுக்கிய பெல்ட். இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் வாக்கில் இறங்க வேண்டும். இது இரண்டு விரல் ஆழம் போனது. வெறுமனே ஓடும்போது தெரியாது. லோடு ஏறும்போது பெல்ட் வழுக்கும், விசிறியும் தண்ணீர் பம்ப்பும் ஒன்றாக மந்தமாகும். பெல்ட்டை மாற்றி இறுக்கினோம்.

பிறகுதான் அந்த 40,000 ரூபாய்க் கேள்விக்கு வந்தோம். இன்ஜினை இறக்கச் சொன்னவருக்கு ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்ற சந்தேகம். சந்தேகம் தப்பில்லை, ஆனால் இறக்காமலே ஓரளவு தெரிந்துகொள்ள வழி உண்டு. எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தோம். பால் கலந்த காபிபோல இருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலக்கிறது. இது கறுப்பாகத்தான் இருந்தது. அடுத்து, இன்ஜின் நன்றாக ஆறியிருந்த நிலையில் மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்து, தள்ளி நின்று பார்த்தோம். வாயில் இடைவிடாமல் குமிழி வந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் கசிகிறது என்று அர்த்தம். நான்கைந்து குமிழி வந்தது, பிறகு நின்றுவிட்டது. புகைக் குழாயில் விடாத வெள்ளைப் புகையும் இல்லை. "ஹெட்டைத் தொடவே வேண்டாம்மா" என்றார் பொறியாளர். அந்தச் சகோதரி அப்போதுதான் உட்கார்ந்தார்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினோம், எறிவதற்கு அல்ல. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடுப்பை மூட்டினோம். பால் பண்ணையில் வைத்திருக்கும் வெப்பமானியைக் கொண்டு போயிருந்தேன். காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீட்டரை இதற்குள் விட்டுவிடாதீர்கள், உடைந்துவிடும். 82 டிகிரி வாக்கில் வாய் திறக்க ஆரம்பித்தது. கொதிப்பதற்குள் முழுக்கத் திறந்துவிட்டது. அதில் குற்றம் இல்லை. புது பேக்கிங் போட்டுத் திரும்ப மாட்டினோம்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் பக்கம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது ஒரு வைத்தியமாகவே ஆகிவிட்டது. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்கிறார்கள். அந்தச் சின்ன வால்வு இருப்பது இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்கி, 80, 90 டிகிரியில் நிறுத்தி வைக்க. அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேறவே நேரமாகும், லேசான வேலையில் சூடேறாமலே ஓடும். குளிர்ந்த இன்ஜினில் டீசல் சரியாக எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து எண்ணெயில் கலக்கும், எண்ணெய் நீர்த்துப் போகும், தேய்மானம் கூடும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். காய்ச்சல் ஆபத்து என்றால், உடம்பு ஜில்லிட்டுப் போவதும் ஆபத்துதானே? தெர்மோஸ்டாட் பழுதாகித் திறக்காமல் போவது உண்டு. அப்போது வண்டி அரை மணி நேரம் தாக்குப் பிடிக்காது, ஐந்து பத்து நிமிடத்திலேயே கொதிக்கும். மேல் ஹோஸ் சுடும், கீழ் ஹோஸ் பச்சைத் தண்ணீராக இருக்கும். அப்படி இருந்தால் புதிது வாங்கி மாட்டுங்கள்.

எல்லாம் முடித்து, புது மூடி போட்டு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, "இனி கவலை இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

சாயங்காலம் போன் வந்தது. "ஐயா, ஒன்றரை மணி நேரம் நல்லா ஓடிச்சு. இப்ப திரும்பவும் முள் ஏறுது."

காலையில் நான் பார்த்துவிட்டுக் கடந்து போன சுண்ணாம்பு ஞாபகத்துக்கு வந்தது. வெளியே எடுத்த அடைப்பு பாதி, உள்ளே இன்னும் பாதி. "ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர் ஊத்துறீங்க?" என்று கேட்டேன். வீட்டு போர் தண்ணீர். "அந்தத் தண்ணியில பருப்பு வேகுமா?" என்றேன். ஒரு நிமிடம் சத்தமில்லை. "வேகாது ஐயா, சமையலுக்குக் குழாய்த் தண்ணிதான் பிடிக்கோம்."

பருப்பு வேகாத தண்ணீர் ரேடியேட்டருக்கும் ஆகாது. அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்பு, சூடுபட்டதும் கல்லாகப் படியும். வெந்நீர்ப் பானையின் அடியில் பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டரின் குழல்கள் உள்ளே மிக ஒடுக்கமானவை. அவற்றில் கல் படிந்தால் தண்ணீர் ஓடும் வழியும் குறையும், சூடு இரும்பைத் தாண்டி வெளியே வருவதும் குறையும். தென்காசியில் ரேடியேட்டர் வேலை மட்டுமே பார்க்கும் பட்டறையில் கழற்றிக் கொடுத்தார்கள். மேல் தொட்டியைப் பிரித்துக் குழல்களைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ததில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழல்கள் முழுக்க அடைத்துக் கிடந்தனவாம். பெல்ட், மூடி, பட்டறைக் கூலி, கூலன்ட் எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. நான்கு நாள் வண்டி நின்றது, அந்த வாடகை நஷ்டம் தனி.

அந்தப் பட்டறை வேலையை வீட்டில் செய்யப் பார்க்காதீர்கள். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர்களில் சலவை சோடாக் கரைசல் விட்டு ஓட்டிக் கழுவுகிற வழக்கம் இருந்தது. இப்போது பல வண்டிகளில் அலுமினியம். சோடாவும் அதைத் தின்னும், ஆசிட்டும் தின்னும்.

டிரைவர் தம்பிக்கும் பொறியாளர் இரண்டு விஷயம் சொன்னார். பெரிய கியரில் போட்டு ஆக்சிலேட்டரைக் குறைத்து, இன்ஜின் முக்கிக்கொண்டு ஓட்டினால் டீசல் மிச்சமாகும் என்பது அவர் எண்ணம். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் பம்ப்பும் மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் லோடு குறையாது. டீசலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உழவுக்கு வருகிறது. மீதி புகையோடும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாகத்தான் வெளியேற வேண்டும். கேஜ் வீலும் ரோட்டவேட்டரும் மாட்டித் தொழி அடிக்கும்போது லோடு அதிகம், வேகம் குறைவு, முகத்தில் காற்று மோதாது. சின்ன கியர், சரியான சுற்று, ஆழத்தைக் கொஞ்சம் குறைத்து இரண்டு சால், அதுதான் முறை.

இரண்டாவது, நம் ஊருக்கே உரிய விஷயம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று இந்த மாதங்களில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கிழக்கு நோக்கி உழும்போது காற்று முதுகில் அடிக்கிறது. இன்ஜின் கக்கும் சூட்டுக் காற்றையே முன்னால் தள்ளி, விசிறி மறுபடி அதையே இழுக்கிறது. முள் அந்தச் சாலில்தான் ஏறுகிறதா என்று கவனித்தீர்களானால், வயல் வாட்டம் இடம் கொடுத்தால் தெற்கு வடக்காக ஓட்டிப் பாருங்கள்.

முள் ஏறிவிட்டால் என்ன செய்வது? ரோட்டவேட்டரைத் தூக்குங்கள், பி.டி.ஓ.வை நிறுத்துங்கள், காற்றைப் பார்த்து வண்டியைத் திருப்பி, சும்மா ஓட விடுங்கள். சட்டென்று சாவியைத் திருப்பி நிறுத்தினால் தண்ணீர் ஓட்டம் நின்று, ஹெட்டில் இருக்கும் சூடு அங்கேயே தங்கும். ஐந்து நிமிடத்தில் முள் இறங்கும். ஆனால் ஆவி பீறிட்டு அடித்தாலோ, ஹோஸ் வெடித்துத் தண்ணீரே இல்லை என்று தெரிந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். தண்ணீர் இல்லாத இன்ஜினை ஓட விட்டால் ஜாம்தான்.

புளியரை வாசகர்: *பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றும் சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறேன். சமவெளியில் முள் அசையாது. கோட்டைவாசல் ஏறும்போது எஸ் வளைவுக்குள் சூடாகிவிடுகிறது. நின்று ஓடும்போது சரியாக இருக்கிறது.*

எப்போது சூடாகிறது என்பதை வைத்தே பாதிப் பழுதைச் சொல்லிவிடலாம். நிற்கும்போதும் போக்குவரத்து நெரிசலிலும் சூடாகி, ஓடினால் ஆறுகிறதென்றால் மின்விசிறி, அதன் ஃபியூஸ், ரிலே இவற்றைப் பாருங்கள். உங்களுடையது மறுபக்கம். நின்றால் சரி, லோடு ஏறினால் சூடு. ரேடியேட்டர் அடைப்பு, அல்லது அதன் முகத்தை மறைத்திருக்கிறீர்கள். முன்னால் கூடுதல் விளக்கு, பெரிய பம்பர், பெயர்ப் பலகை, சீசனுக்குக் கட்டிய மாலை எல்லாம் காற்றைத் தடுக்கும். முதலில் அவற்றைக் கழற்றிவிட்டு ஒரு நடை போய்ப் பாருங்கள். அனுமதித்த எடைக்கு மேல் எத்தனை மூட்டை ஏற்றுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, உங்கள் இன்ஜினுக்கு அது தெரியும்.

ஏற்றத்தில் முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி. இருந்தால் நிறுத்துங்கள். ஹீட்டர் உள்ள வண்டியாக இருந்தால் அதை முழுக்கத் திறந்து, கண்ணாடிகளையும் இறக்குங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டர் என்பதே ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது இழுக்கும். வளைவுக்குள் நிறுத்தாதீர்கள். அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள்.

ஆரியங்காவு தாண்டித் தென்மலைப் பக்கம் இறங்கும்போது சூடாவது இன்ஜின் அல்ல, பிரேக். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கில் கால் வைத்தபடியே பதின்மூன்று கண் பாலம் வரை இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கருகிய வாடை நமக்கு வரும், அவர்களுக்கு வராது.

நீங்கள் கடைசி வரியில் கேட்டிருந்த கத்தரி, வெண்டை புழுங்கிப் போவதற்கும் ஒரு வார்த்தை. பறித்த காயும் மூச்சு விடுகிறது, மூச்சு விட்டால் சூடு வரும். மத்தியான வெயிலில் பறித்த சூட்டோடு சாக்கில் திணித்துத் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் விடியும்வரை அது வேகத்தான் செய்யும். காலையில் பறித்து நிழலில் பரப்பி ஆற வையுங்கள். பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி, தார்ப்பாயை வளைவு கம்பி மேல் போட்டு, முன்னும் பின்னும் காற்று போக ஒரு சாண் விடுங்கள். வெண்டைக்காயில் தண்ணீர் தெளிக்காதீர்கள், கறுத்துவிடும்.

இலஞ்சி வாசகர்: *பவர் டில்லரில் தண்ணீர்த் தொட்டி எப்போதும் ஆவி விடுகிறது. பழுதா?*

தொட்டி வகையாக இருந்தால் பழுதில்லை. சில மாடல்களில் தண்ணீர் கொதித்து ஆவியாவதன் மூலமே இன்ஜின் ஆறுகிறது. பழைய டீசல் பம்ப்செட்களிலும் அப்படித்தான். ஆனால் ஆவியாகிற அளவுக்குத் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும். அளவு காட்டும் மிதவையை அடிக்கடி பார்த்து ஊற்ற வேண்டும். தண்ணீர் ஆவியாகிறது, உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்குகிறது. எனவே போர் தண்ணீர் ஊற்றினால் டிராக்டரைவிட இதில் வேகமாகக் கல் கட்டும். உங்களுக்குப் பக்கத்தில் சிற்றாறு ஓடுகிறது. மலையிலிருந்து வரும் ஓடைத் தண்ணீரில் உப்பு குறைவு, துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். கூரையில் பிடித்த மழைத் தண்ணீர் இன்னும் நல்லது. வாரம் ஒருமுறை, இன்ஜின் ஆறிய பிறகு, தொட்டியை வடித்துக் கழுவுங்கள்.

செங்கோட்டை வாசகி: *அருவியில் குளித்துவிட்டுக் காரில் திரும்பும்போது முன் கண்ணாடி உள்ளே பனிபோல மறைக்கிறது. துடைக்கத் துடைக்க வருகிறது.*

ஈரத் துண்டும் ஈரத் தலையும்தான் காரணம். துணிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள். ஏ.சி.யைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். ஏ.சி. குளிர்விப்பதோடு காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். மறைப்பு கண்ணாடியின் வெளிப்பக்கம் என்றால் ஏ.சி.யின் குளிரைக் குறைத்து வைப்பரைப் போடுங்கள். ஏ.சி. இல்லாத வண்டியில் இரு பக்கமும் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினால் போதும். இதோடு ஒன்று: சீசனில் அறை கிடைக்காமல் கண்ணாடியை ஏற்றி, இன்ஜினை ஓட விட்டு, ஏ.சி.யில் தூங்குகிறார்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தயவுசெய்து அப்படித் தூங்காதீர்கள்.

கடையநல்லூர் வாசகர்: *கூலன்ட் அவசியமா? நமக்குத்தான் பனி உறைவது கிடையாதே.*

உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். துருப்பிடிக்காமல், கல் படியாமல் காப்பது நமக்கு வேண்டிய வேலை. கொதிநிலையையும் கொஞ்சம் உயர்த்தும். கலந்தே விற்பது, நாம் கலந்துகொள்வது என இரண்டு வகை உண்டு. லேபிளைப் படித்து, வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவில், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். வேறு வேறு நிறக் கூலன்ட்டுகளை ஒன்றோடொன்று கலக்காதீர்கள்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். விஷம், அதுவும் இனிக்கிற விஷம். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் கன்று செத்துப் போச்சு என்று கூப்பிட்டார்கள். பாம்புக்கடி என்று நினைத்திருந்தார்கள். முந்தின நாள் டிராக்டரில் வடித்த பழைய கூலன்ட் தொழுவத்துக்குப் பக்கத்தில் அகலச் சட்டியில் பச்சையாக நின்றுகொண்டிருந்தது. கன்று குடித்திருக்கிறது. அந்த வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் இருந்தது.

வடிக்கும்போது மூடியுள்ள கேனில் பிடியுங்கள். தரையில் சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவி, அந்த இடத்தில் மண் போடுங்கள். வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள், பழைய எண்ணெய் வாங்கும் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள். மீந்த கூலன்ட்டைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். ஆடு மாடோ, பிள்ளையோ குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், மயக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல் டப்பாவோடு டாக்டரிடம் ஓடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் போனால்தான் மாற்று மருந்து வேலை செய்யும்.

பண்பொழிப் பக்கத்துச் சகோதரி நேற்று போன் செய்தார். கார் உழவு முடிந்தது, பிசான உழவுக்கு இப்போதே மூன்று பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றார். டிரைவர் தம்பி ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்க்கிறாராம். வாடகை வண்டி தேடுகிறவர்களும், சொந்த வண்டியில் சந்தேகம் உள்ளவர்களும் உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். டிராக்டர் பராமரிப்பை முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு ஆந்திராவில் அனந்தபூர் பக்கம் கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது, எழுதிக் கேளுங்கள்.

அடுத்த இதழில் தென்னையில் வெள்ளை ஈ பற்றி வந்த கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன். ஓலையைப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள்.